குளிர் மேல் பழியைப் போடாதீர்கள்

இரண்டு நாளாக எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. அந்தப் படத்தை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை பிளாஸ்டிக் தாளில் மூட்டை போலக் கட்டி வைத்து, பிரித்துப் பார்த்தால் ஓலை எல்லாம் பழுப்பாகி, நடுக்குருத்து கையோடு வந்துவிட்ட அந்தச் சின்னப் பனை. நம் ஊர்ப் பனைமரம் இல்லை, குளிர் நாட்டுத் தோட்டங்களில் நடும் விண்ட்மில் பாம். மேலே ஒரு வரி: "பனையெல்லாம் இந்தக் குளிரைத் தாங்காது, கேட்கக்கூடாதவர் பேச்சைக் கேட்டு நட்டுவிட்டேன்." பெயர் போடவில்லை. ஆனால் அது யாருடைய பேச்சு என்று கீழே சிரித்துவிட்டுப் போன அத்தனை பேருக்கும் தெரியும். இரண்டு பேர் என் பெயரை டேக் செய்து கோத்தும் விட்டிருந்தார்கள்.

சரி, ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பனையை அழுக வைத்தது குளிர் இல்லை. பிளாஸ்டிக். காற்றுப் போக வழியில்லாமல் நான்கு மாதம் ஈரத்தோடு அடைத்து வைத்தது. "தம்பி, பிளாஸ்டிக் மட்டும் வேண்டாம், செடிக்குப் போர்த்தும் ஃப்ளீஸ் துணி கிடைக்காவிட்டால் சணல் சாக்கு போதும், குளிர் விட்ட பகலில் மேல்பக்கத்தைத் திறந்து விடுங்கள்" என்று அக்டோபரில் நான் எழுதியது இன்னும் என் போனில் இருக்கிறது. "சரிங்கண்ணா" என்று பதிலும் வந்தது. அந்த "சரிங்கண்ணா"வை நம்பி நான் பேசாமல் இருந்துவிட்டேன், அது என் தப்புதான்.

பனைக்கு உயிர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, குருத்துக்கு அடியில். மற்ற மரங்களுக்கு ஒரு கிளை போனால் இன்னொரு கிளை துளிர்க்கும், பட்டையில் காயம் பட்டால் மெல்ல மூடிக்கொள்ளும். பனைக்கு அந்த வசதி கிடையாது. தண்டின் உச்சியில் இருக்கும் அந்த ஒரு வளர்முனை செத்தால் அந்தத் தண்டோடு கதை முடிந்தது. அதனால் குளிர்காலத்தில் பனையைக் காப்பது என்றால் ஓலையைப் பச்சையாக வைத்திருப்பது என்று அர்த்தமில்லை, குருத்தைக் காய்ந்த நிலையில் வைத்திருப்பது. ஓலை போனால் அடுத்த ஓலை வரும். குருத்தின் இடுக்கில் தண்ணீர் இறங்கி, உறைந்து, உருகி, திரும்ப உறைந்து, திசு சிதைந்து, அதில் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறினால்தான் ஆபத்து. இப்போது பிளாஸ்டிக்கை நினைத்துப் பாருங்கள். வெயில் அடிக்கும் பகலில் உள்ளே சூடேறும், மண்ணிலிருந்தும் ஓலையிலிருந்தும் எழும் ஈரம் தாளின் உட்புறத்தில் முத்து முத்தாகப் படியும், ராத்திரி அது சொட்டிக் குருத்துக்குள் இறங்கி உறையும். ஒரு மாதம் இல்லை, நான்கு மாதம். குளிர் என்ன செய்யும் இதற்கு?

"செடியோடு வந்த அட்டையில் மைனஸ் 15 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருந்ததே" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அது டிராக்கிகார்பஸ் ஃபார்ச்சூனி, விண்ட்மில் பாம் என்று விற்கிறார்களே, அதற்குச் சொல்லும் கணக்கு. ஆனால் வேர் நன்றாக ஓடி, தண்டு பருத்த மரத்துக்கு, அதுவும் காய்ந்த குளிரில், ஓரிரு ராத்திரிக்கு. போன வசந்தத்தில் நட்ட முழங்கால் உயரக் கன்று அதற்கு வெகுமுன்பே அடிபடும். தொட்டியில் இருந்தால் இன்னும் மோசம், தரையில் இருக்கும் வேருக்கு மண் போர்வை, தொட்டி வேரைச் சுற்றி எல்லாப் பக்கமும் குளிர். அட்டையில் இதெல்லாம் எழுத மாட்டார்கள். நான் எழுதினேன்.

இன்னொருவர், "கிறிஸ்துமஸ் விளக்குச் சரம் சுற்றினால் போதும் என்றீர்களே, சுற்றியும் செத்துப் போச்சே" என்கிறார். எந்த விளக்கு என்று நான் சொன்னதை ஏன் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை? இழை எரியும் பழைய குண்டு பல்புச் சரம். அதில்தான் சூடு வரும். எல்இடி சரம் வெளிச்சம் தரும், பனைக்கு உதவும் அளவுக்குச் சூடு தராது. பழைய சரம் கிடைக்காவிட்டால் குழாய் உறையாமல் இருக்கச் சுற்றும் வெப்பக் கம்பி இருக்கிறது. கூடவே வெப்பநிலை பார்த்துத் தானே இயங்கும் ஒரு பிளக், 2 டிகிரிக்குக் கீழே போனால் எரிந்து 7 டிகிரியில் அணைந்துவிடும். மின்சாரம் வீண் என்று சொல்பவர்களுக்கும் இதுதான் பதில், குளிர்காலம் முழுக்க எரியவிட யாரும் சொல்லவில்லை. வாசலில் மூன்று மாதம் அலங்கார விளக்கு எரிகிறதே, அதைப் பற்றி யாரும் என்னிடம் பேசியதில்லை.

என் முதல் பனையைப் பற்றி இதுவரை இங்கே எழுதியதில்லை. இன்றைக்கு எழுதுகிறேன், ஏனென்றால் நானும் அதே தப்பைத்தான் செய்தேன். குமிழ் பிளாஸ்டிக் வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி, பிள்ளைக்குக் கம்பளி போட்டுவிட்ட திருப்தியோடு உள்ளே போனேன். மார்ச்சில் பிரித்தபோது முதலில் வந்தது வாடை. குருத்தைத் தொட்டேன், வந்துவிட்டது, அடிப்பக்கம் குழைந்து. மனசே விட்டுப்போனது. ஏப்ரலில் மண்வெட்டி எடுத்துத் தோண்டி வெளியே போட்டேன். தோண்டியபோது பார்த்தேன், வேர் எல்லாம் வெள்ளையாக, உறுதியாக, உயிரோடு இருந்தது. அப்போது எனக்குச் சொல்ல யாரும் இல்லை. ஆறேழு வருடத்துக்குப் பிறகும் அந்த வெள்ளை வேர் கண்ணில் நிற்கிறது.

அடுத்த மரத்துக்கும் ஒரு மோசமான ஜனவரியில் குருத்து கழன்றது. இந்த முறை தோண்டவில்லை. அழுகியதைச் சுத்தம் செய்து, ஓட்டைக்குள் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி, நுரைத்து அடங்கியதும் செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லி தெளித்து, மழை இறங்காமல் மேலே மட்டும் ஒரு கூரை வைத்து, பக்கமெல்லாம் திறந்துவிட்டேன். ஏப்ரல் போனது. மே போனது. ஜூனில் வீட்டில் எல்லோரும் "எடுத்துவிடலாம்" என்றார்கள். ஜூலை முதல் வாரத்தில், நுனி வெட்டினது மாதிரி மொட்டையாக, ஒரு பச்சைத் துண்டு மேலே வந்தது. அந்த மரம் இப்போது என்னைவிட உயரம். தண்டைச் சுற்றிப் பன்னாடை அடர்ந்து கிடக்கிறது, சிலர் அழகுக்காக அதை உரித்துவிடுவார்கள், நான் தொடமாட்டேன், அதுவே அதற்குப் போர்வை.

பழுப்பு ஓலையைப் பார்த்ததும் செத்தது என்று முடிவுகட்டுகிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மண் உறைந்து கிடக்கும்போது வேரால் தண்ணீர் இழுக்க முடியாது, அதே நேரத்தில் வெயிலும் வறண்ட காற்றும் ஓலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பாதிப் பழுப்பு அந்தத் தாகத்தால் வருவது. இலையுதிர் காலத்திலேயே நன்றாகத் தண்ணீர் விட்டு, அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மரப்பட்டையோ காய்ந்த இலையோ பரப்பியிருந்தால் பாதி மிஞ்சியிருக்கும். அதையும் சொன்னேன். விடுங்கள்.

அப்புறம் அந்தப் பெரிய கருத்து, "இந்த மண்ணுக்கு உரியது இல்லாததை ஏன் நடுகிறீர்கள்". இதை எழுதியவர் தோட்டத்தில் துலிப் பூக்கிறது. அது மத்திய ஆசியாவிலிருந்து வந்தது. ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் சீனாவிலிருந்து இந்த விண்ட்மில் பனையை லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு அனுப்பியது 1849இல், அன்றிலிருந்து பிரிட்டனில் வெட்டவெளியில் வளர்கிறது. கனடாவின் வான்கூவரில் கடற்கரை ஓரமாகவே நிற்கிறது. பரவிவிடும் என்று யாராவது சொன்னால் அதை நான் மதிக்கிறேன், சுவிட்சர்லாந்தின் தெற்கில் டிச்சீனோ காடுகளில் அது தானாகவே முளைத்துப் பெருகி, 2024 செப்டம்பரிலிருந்து அந்த நாட்டில் விற்கவே தடை. அப்படிப்பட்ட இடத்தில் நடக்கூடாது, மற்ற இடத்திலும் காய் பிடிக்குமுன் பூங்குலையை வெட்டிவிட வேண்டும், நான் வெட்டுகிறேன். ஆனால் ஆல்ப்ஸ் அடிவாரக் காட்டில் தானாக முளைக்கிற மரத்தைப் பார்த்து "குளிர் தாங்காது" என்கிறீர்களே, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

"எங்கள் பக்கத்து வீட்டில் பிளாஸ்டிக் சுற்றியும் பிழைத்தது" என்பவர்களிடம் எனக்கு வாதாடத் தெம்பில்லை. மிதமான ஒரு குளிர்காலத்தில் எதுவும் பிழைக்கும்.

உண்மையில் எனக்கு வலித்தது பனை இல்லை. நான்கு வருடமாக யார் கேட்டாலும், ராத்திரி பதினொரு மணிக்குக் கேட்டாலும், படம் பார்த்து, ஓலையைப் பெரிதாக்கிப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறேன். மைனஸ் 20க்கும் கீழே போகும் இடத்தில் இருப்பவர்களிடம் விண்ட்மில் வேண்டாம், அதைவிடக் குளிர் தாங்கும் நீடில் பாம் பாருங்கள் என்று நானே தடுத்திருக்கிறேன். பிழைத்த மரங்களின் படத்தை யாரும் என்னைக் கோத்துப் போட்டதில்லை. செத்ததாக நினைத்த ஒரு மரத்துக்கு மட்டும் "கேட்கக்கூடாதவர்" ஆகிவிட்டேன்.

தம்பி, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், குருத்து கழன்ற இடத்துக்குக் கீழே தண்டு இன்னும் கெட்டியாகத்தான் தெரிகிறது. விரலால் அழுத்திப் பாருங்கள், அமுங்காவிட்டால் வெட்டாதீர்கள், ஜூலை வரை விடுங்கள். வெட்டுவதற்கு ஆள் சொல்லியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவரை நிறுத்துங்கள். வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால் சனிக்கிழமை காலையில் நானே மண்வெட்டியோடு வந்து வேர் அறாமல் எடுத்துக்கொள்கிறேன், குழியையும் மூடிவிட்டுப் போகிறேன்.