வெயில் ஓசிதான், வட்டி ஓசி இல்லையே

"சோலாரு காத்தாலையெல்லாம் பணக்கார நாட்டுக்குத்தான் கட்டுபடியாகும், வளர்ற நாட்டுக்கு நிலக்கரியை விட்டா கதி இல்ல"ன்னு இன்னமும் எழுதிட்டு இருக்காங்க. 2010ல சொல்லியிருந்தா சரின்னு விட்டுடலாம், அடுத்த பத்து வருஷத்துல பேனல் விலை கிட்டத்தட்ட 90% இறங்கிடுச்சே, இப்பவும் அதே பாட்டா?

அதுக்காக "வெயில் ஓசி, அப்ப கரண்ட்டும் ஓசி"ன்னு குதிக்கிற கோஷ்டியும் கணக்கு போட்டுப் பாக்குறதில்ல. நிலக்கரின்னா பிளான்ட்டு கட்டுற செலவு போக, பெரும் பங்கை எரிக்க எரிக்கக் கொடுத்தா போதும், சோலார்ல கிட்டத்தட்ட மொத்தத்தையும் ஆரம்பத்துலயே கொட்டணும், அது பெரும்பாலும் கடன். 100 ரூபா கடனை 20 வருஷத்துல அடைக்கணும்னு வைங்க. 4% வட்டின்னா வருஷம் சுமார் 7.40 கட்டணும், 12%ன்னா 13.40! அதே பேனல், அதே வெயில், செலவு மட்டும் ஏறக்குறைய டபுள். ஏழை நாட்டுக்குத்தான் அந்த ரெண்டாவது வட்டி. கடன் டாலர்ல, வசூல் உள்ளூர் காசுல, காசு மதிப்பு விழுந்தா அதுவும் சேர்ந்து தலையில விழும். என்னைக் கேட்டா, மாநாட்டுல பேசுற பேச்செல்லாம் விட்டுட்டு வட்டியைக் குறைக்க ஜாமீன் கொடுங்கப்பா, பாதி பிரச்சினை அங்கயே தீரும்.

அப்புறம் லைன். கென்யாவுல துர்கானா ஏரிப் பக்கம் 365 காத்தாலை, 310 மெகாவாட், 2017லயே நட்டு முடிச்சாச்சு. கரண்ட்டை எடுத்துட்டுப் போற 400 கிலோமீட்டருக்கு மேலான லைன் ரெடியாகல, 2018 செப்டம்பர் வரைக்கும் அத்தனையும் சும்மாவே நின்னுச்சு, தாமதத்துக்கு நஷ்டஈடு வேற கொடுக்க வேண்டியதாச்சு. காத்து குறையே வைக்கல, கம்பிதான் வரல.

சாயங்காலம் வெயில் போனதும் எல்லா வீட்டுலயும் லைட்டு எரியுமே அதுக்கு என்னன்னு கேப்பீங்க, நியாயம். பேட்டரி விலை இறங்கிட்டே இருக்கு, அணை இருக்குற நாடு பகல்ல தண்ணியைச் சேத்து ராத்திரி விடலாம்.

எனக்கு நிஜமா உறுத்துறது பாகிஸ்தான் கதைதான். 2024ல மட்டும் சுமார் 17 ஜிகாவாட் பேனல் இறக்குமதி, கரண்ட் பில் தாங்காம ஜனங்களே மொட்டைமாடியில போட்டுக்கிட்டாங்க. சோலார் ஓடுமான்னு இதுக்கு மேல யாரும் கேக்கத் தேவையில்ல. ஆனா வசதி இருக்கறவன் அப்படி ஒதுங்கிட்டா ஏற்கெனவே கட்டின பழைய கரண்ட் பிளான்ட்டுகளோட கடனையும் லைன் செலவையும் யார் கட்டுவா, பேனல் போட வக்கில்லாதவன்தான். லைனுக்குத் தனி, யூனிட்டுக்குத் தனின்னு பில் போட்டா ஓரளவு சரியாகும், ஆனா மொட்டைமாடி வச்சிருக்கறவனைப் பகைச்சுக்கிட்டு எந்த அரசாங்கம் அதைத் தொடப்போகுது.