மெத்திலேற்றமும் மறந்துபோன பி12-உம்

சென்ற மாதம் என் அத்தை மகன் ஒரு மரபணுச் சோதனை அறிக்கையோடு வீட்டுக்கு வந்தான். எம்டிஹெச்எஃப்ஆர் மரபணுவில் ‘பழுது’ இருப்பதால் தன் உடலில் மெத்திலேற்றம், அதாவது டி.என்.ஏ. போன்றவற்றில் மெத்தில் என்ற வேதித் துணுக்கு ஒட்டுவது, சரியாக நடக்காது என்றும், ஆயுள் முழுக்க விலையுயர்ந்த மாத்திரை வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்களாம். வைட்டமின் பி12 அளவைப் பார்த்தாயா என்று கேட்டேன், பார்க்கவில்லை. அவன் சைவம், சர்க்கரைக்காக எட்டு ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறான், அது பி12-ஐக் குறைக்கும் என்பது மருத்துவர்கள் நன்கு அறிந்த செய்தி.

மெத்தில் என்பது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த மிகச் சிறிய துணுக்கு, அது டி.என்.ஏ.வில் எங்கே ஒட்டுகிறது என்பதைப் பொறுத்து ஒரு மரபணு வேலை செய்வதும் அடங்கியிருப்பதும் பெருமளவு அமைகிறது. கீரையிலும் பருப்பிலும் உள்ள ஃபோலேட் என்ற வைட்டமினை அந்தத் துணுக்கைச் சுமக்கும் வடிவத்துக்கு மாற்றுவது மேற்சொன்ன மரபணு தரும் நொதி. அதன் 677ஆம் இடத்து எழுத்து மாற்றம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்திருந்தால் நொதியின் திறன் வெகுவாகக் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நொதிக்கே வைட்டமின் பி2 துணை வேண்டும். ஃபோலேட் சுமந்து வந்த துணுக்கை ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்துக்கு மாற்றி, அதை மெத்தியோனினாக்கப் பி12 வேண்டும். அந்த மெத்தியோனின் வழியாகத்தான் துணுக்கு டி.என்.ஏ.வுக்குப் போகிறது. பி12 இல்லாவிட்டால், மரபணு எவ்வளவு செம்மையாக இருந்தாலும், ஃபோலேட் இறக்கிவைக்க இடமில்லாத சுமையோடு தேங்கி நிற்கும். பழக்கமும் மெத்திலேற்றத்தை மாற்றும்: புகைப்பவர்களின் இரத்தத்தில் ஏஹெச்ஆர்ஆர் என்ற மரபணுவின் மெத்திலேற்றம் குறைந்திருப்பதும், புகையை விட்டபின் அது மெல்ல மீள்வதும் பல நாடுகளில் கண்டறியப்பட்டவை. இவற்றில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து ‘உங்கள் விதி’ என்று விற்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

நம் நாட்டில் இது எங்கே உறைக்கிறது என்பதற்குப் புனேயைச் சுற்றியுள்ள ஆறு கிராமங்களே சான்று. மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் அங்கே கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, பிறந்த குழந்தைகளை ஆறு வயதில் சோதித்து, 2008இல் முடிவுகளை வெளியிட்டனர். தாய்மார்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பி12 குறைவு. ஃபோலேட் குறைவோ ஒரே ஒருவருக்குத்தான். பி12 குறைந்து ஃபோலேட் மிகுந்திருந்த தாய்மார்களின் பிள்ளைகளிடமே இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காத நிலை) மிக அதிகமாக இருந்தது. இது கவனிப்பு ஆய்வு என்பதால், காரணம் இதுவேதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒதுக்கிவிடக் கூடியதும் அல்ல.

இதைப் படித்துவிட்டு எந்தக் கர்ப்பிணியும் ஃபோலிக் அமில (ஃபோலேட்டின் செயற்கை வடிவம்) மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. சிசுவின் முதுகுத்தண்டு, மூளைக் குறைபாடுகளை அது தடுக்கிறது என்பது 1991ஆம் ஆண்டு சோதனையிலேயே ஐயமற நிறுவப்பட்டது. என் கேள்வி வேறு. அரசு கர்ப்பிணிகளுக்குத் தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன, பி12 இல்லை. பி12 கிடைக்கும் பால், முட்டை, மீன் எட்டாத வீட்டுப் பெண்ணுக்கு அதே மாத்திரைதான் போகிறது. மரபணுச் சோதனைக்கு விளம்பரம் செய்யும் ஊரில், முதல் மாதப் பரிசோதனையிலேயே பி12-ஐயும் பார்ப்பது அவ்வளவு பெரிய செலவா?