சின்னக் கடைக்காரங்ககிட்ட ஆன்லைன்ல சிடி வாங்குறது எதுக்குன்னு கேட்டாங்க, அதுக்கான பதில்

போன வாரம் ஸ்பீட் போஸ்ட்ல ஒரு சிடி பார்சல் ஆபீசுக்கே வந்துருச்சு. கூட வேலை பாக்குற தம்பி பிரிக்கறதப் பாத்துட்டு "அண்ணே இன்னுமா இதெல்லாம் காசு குடுத்து வாங்குறீங்க, எல்லாம்தான் போன்லயே இருக்கே"ன்னான். நல்ல பையன், குத்திக்காட்டிக் கேக்கல, நெசமாவே தெரியாமதான் கேட்டான். அப்ப மேனேஜர் கூப்பிட்டுட்டாரு, பதில் சொல்ல முடியல. அதான் இங்க எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நான் சவுண்ட் குவாலிட்டின்னு சண்டைக்கு வரல. சிடின்னா ஒலிய செகண்டுக்கு 44,100 தடவ அளந்து 16 பிட்ல பதியறது, 1982ல ஜப்பான்ல முதல் பிளேயர் கடைக்கு வந்ததுல இருந்து இன்னிக்கு வரைக்கும் அதேதான். ஆப்பிள் 2021லயே லாஸ்லெஸ், அதான் சிடி தரம் குறையாத ஒலி, குடுத்துட்டான், ஸ்பாட்டிஃபையும் 2025ல குடுத்துட்டான். அதனால அந்த வாதம் முடிஞ்சு போச்சு. என் விஷயம் வேற. நான் கேக்கறது பூரா கர்நாடக சங்கீதம், அதுலயும் பழைய கச்சேரி. அதுக்கு இந்த மியூசிக் ஆப் எதுவும் சரிப்பட்டு வரல, அவ்ளோதான்.

எங்கப்பா மின்வாரியத்துல இருந்து ரிட்டையர் ஆனவரு, எம்.டி.ராமநாதன்னா உயிரு. அவரு குரல் கேட்டிருக்கீங்கல்ல, அடித்தொண்டையில இருந்து வர்ற கனமான குரல், அவசரமே கிடையாது, ஒரு ஸ்வரத்துல போய் உக்காந்தா எந்திரிக்க மனசு வராது. டைகர் வரதாச்சாரியார் சிஷ்யர், தான் பண்ணின கிருதி, அதான் பாட்டு, அதுலகூட குரு பேர வச்சு வரததாசன்னுதான் முத்திரை, அதாவது கையெழுத்து மாதிரி ஒரு பேரு, போட்டுக்கிட்டாரு. அப்பாவுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி உடம்பு முடியாம போனப்ப ஒரு ஆப்ல எம்.டி.ஆர் பாடின சஹானா ராகம் போட்டு காதுகிட்ட வச்சேன். பாட்டுக்கு முன்னாடி தாளமில்லாம ராகத்த விரிச்சுப் பாடற ஆலாபனை ஒரு டிராக், கிருதி இன்னொரு டிராக்னு பிரிச்சு வச்சிருக்காங்க. ஆலாபனை முடிஞ்சு, அவரு அந்த ராகத்த அப்படியே எறக்கி வச்சுட்டு பல்லவி எடுக்கப்போற அந்த ஒரு மூச்சு இருக்கு பாருங்க, அந்த இடத்துல வீட்டுக்கடன் விளம்பரம். அப்பா கண்ண மூடிட்டு இருந்தவரு தொறந்து என்னப் பாத்தாரு. ஒண்ணும் சொல்லல. காசு கட்டினா விளம்பரம் போயிடும், கட்டினேன். ஆனா கச்சேரி முடிஞ்சதும் அதுவா வேற யாரோ பாடுற வேற எதையோ எடுத்துப் போட ஆரம்பிச்சுரும். கச்சேரி முடிஞ்சப்புறம் ஒரு அமைதி வேணும்ல.

அப்பதான் ஒரு சின்ன வியாபாரியப் பிடிச்சேன். சென்னையில வீட்லயே வச்சு விக்கறாரு, பழைய மாதிரி ஒரு வெப்சைட், அதுல லிஸ்ட் மட்டும் இருக்கும், பேச்செல்லாம் வாட்ஸ்அப்லதான். நான் எம்.டி.ஆர் சிடி ஒண்ணு செலக்ட் பண்ணி பணம் அனுப்பட்டுமான்னு கேட்டேன். அவரு ஃபோன் பண்ணினாரு. "சார், சஹானாவுக்காகத்தானே கேக்கறீங்க? அப்ப இது வேணாம். இது கேசட்டுக்காகச் சுருக்குனது, ஆலாபனை சட்டுனு முடிஞ்சுரும், உங்களுக்கு ஏமாத்தமா இருக்கும். ரெண்டு வாரம் பொறுங்க, லைவ் ரெக்கார்டிங் ஒண்ணு வருது, அத எடுத்துக்கங்க." வந்த வியாபாரத்த வேணாம்னு சொல்றாரு! பொறுத்திருந்து அதையே வாங்கினேன். அட்டைப்பெட்டிக்குள்ள செய்தித்தாள் சுத்தி, டப்பா ஆடாம நாலு மூலையிலயும் தெர்மகோல் வச்சு வந்துச்சு. உள்ள ஒரு துண்டுச் சீட்டுல "ரெண்டாவது டிஸ்க்ல ஆரம்பத்துல கொஞ்சம் இரைச்சல் இருக்கும், டேப்லயே அப்படித்தான், சிடி கோளாறு இல்ல"ன்னு கையால எழுதி வச்சிருந்தாரு. அப்பா அத வாங்கி மூணு தடவ படிச்சாரு.

பெரிய ஆன்லைன் கடையிலயும் வாங்கியிருக்கேன். பேரு வேணாம். ஒரு ராகம் தானம் பல்லவி, சுருக்கமா ஆர்.டி.பி., அதான் கச்சேரில ஒரே ராகத்த எடுத்து விஸ்தாரமா பாடற பகுதி, ரெட்டை சிடி. ஒரு சிடில மிஞ்சிப்போனா 80 நிமிஷம்தான் புடிக்கும், அதனால நல்ல ஆர்.டி.பி.ன்னா ரெண்டு டிஸ்க் ஆயிரும். வந்தது வெறும் பிளாஸ்டிக் கவர்ல, துணி அனுப்பற மாதிரி. டப்பா நசுங்கி, நடுவுல டிஸ்க்க கவ்விப் பிடிக்கற பல்லெல்லாம் ஒடஞ்சு, அந்தத் துண்டுங்க உள்ளயே உருண்டு ரெண்டு டிஸ்க்கையும் கீறி வச்சிருந்துச்சு. திருப்பி எடுத்துக்கிட்டாங்க, பணமும் வந்துருச்சு, அதுல குறை சொல்லல. ஆனா எனக்கு வேண்டியது பணம் இல்லையே. "ரீப்ளேஸ்மென்ட் கிடையாது"ன்னு ஒரு வரி, அதோட முடிஞ்சுது. யாருகிட்டப் போய் கேக்கறது?

இங்க ஒரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. கீழ் பக்கம், அதான் மின்னுற பக்கம், லேசா கீறல் விழுந்தா பயப்பட வேணாம், அது 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக், பாலிஷ் பண்ணிக்கலாம். லேபிள் பக்கம் விழுந்தாதான் ஆபத்து, ஏன்னா பாட்டு இருக்கற அலுமினியப் பூச்சு அந்தப் பக்கம்தான் ஒட்டிட்டு இருக்கு, மேல மெல்லிசா ஒரு வார்னிஷும் அச்சும்தான். துடைக்கறதும் வட்டமா துடைக்கக் கூடாது, நடுவுல இருந்து வெளிய நேரா துடைக்கணும்.

சின்ன வியாபாரின்னா எல்லாரும் தங்கம்னும் சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டர்ல எரிச்ச சிடி-ஆர்-அ ஃபேக்டரில அச்சடிச்ச சிடின்னு விக்கறவங்களும் இருக்காங்க. திருப்பிப் பாத்தாலே தெரிஞ்சுரும், அச்சடிச்சது வெள்ளி நிறமா இருக்கும், எரிச்சது பெரும்பாலும் நீலம் இல்ல பச்சை ஓடும். எரிச்சதுல பாட்டு பதிஞ்சிருக்கற அந்தச் சாயம் வெயில்லயும் சூட்டுலயும் கெட்டுப்போகும், நம்ம ஊர் வெயிலப் பத்திச் சொல்லவே வேணாம். 1994க்கு அப்புறம் வந்த ஒரிஜினல் டிஸ்க் நிறையத்துல நடு ஓட்டைய ஒட்டுன கண்ணாடி மாதிரி வட்டத்துல ஐ.எஃப்.பி.ஐ.ன்னு, அதான் ரெக்கார்டிங் கம்பெனிங்க சங்கத்தோட பேரு, பொடி எழுத்துல இருக்கும், அதையும் ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். கேட்டா கோவப்படாம அனுப்பறவர்கிட்ட வாங்குங்க. "எரிச்சதுதான் சார், அச்சு ஸ்டாக் தீந்துபோச்சு, கம்மி விலைக்குத் தரேன்"னு ஒளிக்காம சொன்னா அதுலயும் தப்பில்ல.

அடுத்தது பக்கவாத்தியக்காரங்க பேரு. யூடியூப்ல ரசிகர்கள் ஏத்தி வச்ச கச்சேரி ஆயிரக்கணக்குல இருக்கு, நானும் கேக்கறேன், அந்தப் புண்ணியவான்கள் இல்லன்னா பாதி சங்கீதம் காணாமப் போயிருக்கும். ஆனா மிருதங்கம் யாரு? கமெண்ட்ல நாலு பேரு நாலு பேர் சொல்லுவாங்க. நான் ஏழு வருஷம் மிருதங்கம் கத்துக்கிட்டவன், எனக்கு அது பெரிய விஷயம். பாடகர் ராம்நாட் கிருஷ்ணன் அமெரிக்காவுல வெஸ்லியன் யுனிவர்சிட்டிக்குச் சொல்லிக்குடுக்கப் போன சமயத்துல நான்ஸச்ங்கற ரெக்கார்டிங் கம்பெனி அவர ரெக்கார்ட் பண்ணி 1968ல எல்.பி. இசைத்தட்டா போட்டுச்சு, பின்னாடி சிடியாவும் வந்துச்சு. அந்த சிடிய பழசு விக்கற ஒருத்தர்கிட்ட வாங்கினேன். உள்ள இருக்கற புக்லெட்டப் பிரிச்சா வயலின் வி.தியாகராஜன், மிருதங்கம் டி.ரங்கநாதன், கஞ்சிரா வி.நாகராஜன். ரங்கநாதன் யாரு, பரதநாட்டியம் பாலசரஸ்வதி தம்பி. அந்த வீட்டு லயம் எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கிட்டு, பேரையும் தெரிஞ்சுக்கிட்டு கேக்கும்போது ஒவ்வொரு அடியும் வேற மாதிரி கேக்குது. போன்ல அதே ரெக்கார்டிங் ஓடுறப்ப நான் பாத்ததுல பாடகர் பேரும் ஒரு சின்னப் படமும் மட்டும்தான் இருந்துச்சு. பக்கவாத்தியக்காரங்கள இப்படி அழிச்சா எப்படிங்க?

பணம் விஷயமும் இருக்கு. ஸ்ட்ரீமிங்ல 30 செகண்ட் தாண்டுனா ஒரு பிளேன்னு கணக்கு. மூணு நிமிஷ சினிமாப் பாட்டும் ஒண்ணு, அம்பது நிமிஷ பல்லவியும் ஒண்ணு. போதாக்குறைக்கு ஸ்பாட்டிஃபைல 2024ல இருந்து ஒரு டிராக்குக்கு வருஷத்துல ஆயிரம் பிளே வரலன்னா ரெக்கார்டிங்குக்கு ஒரு பைசா கிடையாது. ஒரு இளம் வித்வானோட தனி ஆவர்த்தனம், அதான் தாள வாத்தியம் மட்டும் தனியா வாசிக்கறது, அந்த டிராக்குக்கு ஆயிரம் எங்க இருந்து வரும்? அந்தக் காலத்துல சிடி பேபின்னு அமெரிக்காவுல ஒரு கடை, 1998ல தன் சொந்த சிடிய விக்க ஆரம்பிச்ச ஒரு இசைக்கலைஞர் மத்தவங்களுக்கும் திறந்துவிட்டது. விலைய கலைஞரே வைப்பாரு, கடை ஒரு சிடிக்கு 4 டாலர் எடுத்துக்கும், மிச்சம் அவருக்கு, யாரு வாங்கினாங்கன்னு பேர் விலாசமும் அவருக்கே போயிரும். அந்தக் கடை 2020 மார்ச்சோட மூடிட்டாங்க, எனக்கு நெசமா வருத்தமா இருந்துச்சு. இப்ப கலைஞர்களே நேரா விக்கற பேண்ட்கேம்ப் வெப்சைட்ல டிஸ்க் வித்தா 10 சதவீதம்தான் அவங்க பங்கு. நம்ம ஊர்ல சார்சுர் மாதிரி ரெக்கார்டிங் கம்பெனிங்க மார்கழி சீசன் கச்சேரிய முழுசா, தனி ஆவர்த்தனத்தோட சேத்து சிடியா போட்டாங்க. அதெல்லாம் வித்துக்குடுத்தது இந்த மாதிரி சின்ன ஆளுங்களும் மார்கழில சபா வாசல்ல ஸ்டால் போடறவங்களும்தான். சென்னை ஸ்பென்சர் பிளாசாவுல இருந்த மியூசிக் வேர்ல்ட் கடையெல்லாம் போயே போச்சு.

"சிடி போட பிளேயர் எங்கண்ணே இருக்கு"ன்னும் தம்பி கேட்டான். யு.எஸ்.பி.ல சொருகற டிவிடி டிரைவ் ஒண்ணு ரெண்டாயிரம் ரூபா பக்கம் வரும், வாங்கி லேப்டாப்ல மாட்டுங்க, எக்ஸாக்ட் ஆடியோ காப்பின்னு ஒரு சாஃப்ட்வேர் ஃப்ரீயாவே கிடைக்குது, அதுல ஃபிளாக்கா, அதான் தரம் குறையாத ஃபைலா, எடுத்து போன்ல ஏத்திக்கங்க. இடைவெளி விடாம ஓடவிட்டா ஆலாபனையும் கிருதியும் ஒட்டிக்கிட்டே வரும். அப்பாவுக்கு அப்படித்தான் ஒரு பழைய போன்ல ஏத்திக் குடுத்திருக்கேன், சாயந்திரம் ஆனா அவரே போட்டுக்கறாரு. வெளிநாட்டுல இருந்து வாங்கறதா இருந்தா மட்டும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவ யோசிங்க, தபால் செலவும் கஸ்டம்ஸும் சேந்து சிடி விலையையே தாண்டிரும்.

சரி, எனக்கும் ஒரு உதவி வேணும். டி.பிருந்தாம்மா பாடினது, பதம்ங்கற மெதுவான சிருங்காரப் பாட்டு இருக்கற டிஸ்க், அச்சடிச்சது, புக்லெட்டோட யாராவது சின்ன வியாபாரிகிட்ட பாத்திருந்தீங்கன்னா கமெண்ட்ல சொல்லுங்க. டப்பா ஒடஞ்சிருந்தாப் பரவால்ல, எங்கிட்ட காலி டப்பா இருக்கு. உள்ள இருக்கற காகிதம் கிழியாம இருக்கணும்.