ஸ்டென்சில் எழுத்தில் பாலம் எதற்கு?

எழுத்தின் வடிவத்தை அட்டையில் வெட்டியெடுத்து, அந்த ஓட்டை வழியே மை அடிப்பதுதான் ஸ்டென்சில்; வெட்டாமல் விடும் ஒட்டுப்பட்டைதான் பாலம். ஆனால் தடித்த, ஒடுங்கிய எழுத்துரு ஒன்றை எடுத்து, எல்லா எழுத்துக்கும் நட்டநடுவே ஒரே உயரத்தில் வெள்ளைக் கோடு இழுத்துவிட்டு, ‘இண்டஸ்ட்ரியல் ஸ்டென்சில்’ என்று பெயர் வைக்கிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

போன வாரம் அப்படி ஒன்றைத் தடிமனான அட்டையில் அச்சடித்து, பிளேடால் வெட்டிப் பார்த்தேன். ஆங்கில ஓ தப்பித்தது. ஆனால் 8 என்ற எண்ணிலும் ஆங்கில பி (B) எழுத்திலும் அந்தக் கோடு நடுக்கட்டைக்குள்ளேயே ஓடி முடிந்துவிடுகிறது, மேலேயும் கீழேயும் இருக்கும் உள்துண்டுகளைத் தொடவே இல்லை. அட்டையைத் தூக்கியதும் நாலு துண்டும் மேசையில் விழுந்தன. எழுத்தின் நடுவே இருப்பதை விழாமல் பிடித்துக்கொள்ளத்தானே பாலம்? பிடிக்காத பாலம் வெறும் கீறல்.

1937இல் ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஸ்டென்சில் எழுத்துருக்கள் வந்தன: ஜூனில் லட்லோ என்ற அச்செழுத்து நிறுவனத்துக்காக ஹண்டர் மிடில்டன் செய்தது, ஜூலையில் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக ஜெர்ரி பவல் செய்தது. உலோகத்தில் வார்க்கும் எழுத்துக்குப் பாலமே தேவையில்லை. ஆனாலும் பெட்டியிலும் பீப்பாயிலும் மை அடித்த எழுத்தின் முகம் வேண்டும் என்றுதான் பாலம் போன்ற இடைவெளிகளை எழுத்தில் வைத்தார்கள்.

ஒடுங்கிய எழுத்தில் சிக்கல் இன்னும் அதிகம். ஓவின் உள்வெளி ஒரு கீற்று மாதிரி ஒல்லியாக நிற்கும். அதற்கு மேலும் கீழும் செங்குத்தாகப் பாலம் வைத்தால் எழுத்து இரண்டு தூண்களாகப் பிரியும். பாலம் அகலமானால் ஓ போய் இரண்டு குச்சி மட்டும் தெரியும், மெலிந்தால் ஸ்ப்ரே அடிக்கும்போது அட்டை தூக்கிக்கொண்டு பெயின்ட் அடியில் கசிந்துவிடும். என் கண்ணுக்குப் பாலம் அந்த உள்கீற்றின் அகலத்தை ஒட்டி இருந்தால்தான் சரியாக உட்காருகிறது. அப்புறம் வளைவின் முனைகளைக் கூராக விடாமல் வெட்டுவதும் முக்கியம், கூர்முனை முதலில் கிழியும்.

தமிழுக்கு வந்தால்தான் உண்மையான சோதனை. சுழி மூடும் இடத்தில் ஒரு கண், அதாவது மூடிய உள்வெளி. தடித்து ஒடுக்கிய ண-வில் கண்ணுக்குப் பாலம் போட்டால் எழுத்து நொறுங்கிவிடும். ஒரு சுழி மறைந்தாலோ ‘பணி’ ‘பனி’ ஆகிவிடும். ஆங்கில எழுத்துக்குப் போட்ட பாலத்தை அப்படியே தமிழில் ஒட்டவைப்பது சோம்பேறித்தனம் என்றே சொல்வேன். சுழியின் கண்ணை அடைத்துவிட்டு, வெளிவளைவுகள் மூன்றையும் எண்ணும்படி தெளிவாக நிறுத்தலாம் என்பது என் கட்சி. புள்ளி தொல்லையே இல்லை, ஒரு ஓட்டை போட்டால் போதும்.

இப்போது ஐந்தாவது ண வெட்டிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது வளைவு இன்னும் இரண்டாவதோடு ஒட்டிக்கொள்கிறது.