ஃபோர் வீல் வண்டி மணலில் சிக்காதா?

"ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் டயர் காற்றைக் குறைக்க வேண்டாம், மணலில் சிக்கினாலும் ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்தால் வெளியே வந்துவிடும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

ஃபோர் வீல் டிரைவ் இன்ஜினின் விசையை நான்கு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும், அவ்வளவுதான். வண்டியின் எடை குறையாது. அபுதாபியின் லிவா மணல்மேடுகளில் இறங்குபவர்கள் டயரில் 35 பிஎஸ்ஐ அளவில் இருக்கும் காற்றழுத்தத்தை முதலில் 15 முதல் 18 வரை இறக்குவார்கள். டயர் அகலமாவதால்தான் இது பலிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அகலம் கொஞ்சம்தான் கூடும். மணலைத் தொடும் பகுதி நீளவாக்கில்தான் நன்றாகக் கூடுகிறது. எடை பரவுவதால் வண்டி அவ்வளவாகப் புதையாது. அதற்காக 10-க்கும் கீழே இறக்கிவிட்டுச் சட்டென்று ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டே கழன்றுவிடக்கூடும்.

சிக்கிய பிறகு மிதிப்பது இன்னும் மோசம். சுழலும் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டும். அடிப்பாகம் மணலில் உட்கார்ந்துவிட்டால் எத்தனை சக்கரம் சுழன்றும் பயனில்லை. சுழலத் தொடங்கியதுமே காலை எடுங்கள். டயரைச் சுற்றி மணலை வாரிவிட்டு, வந்த தடத்திலேயே மெல்ல ரிவர்ஸ் எடுங்கள். அப்புறம், தார்ச்சாலை ஏறியதும் காற்று அடிக்காமல் வேகமெடுக்காதீர்கள்; டயர் சூடாகி வெடிக்கலாம்.