எத்தனை இஞ்ச் என்பதற்கு முன் எத்தனை கிலோ

மாருதியின் சிறிய நான்கு சக்கர இயக்க வண்டியான ஜிம்னியை வைத்திருப்பவர்கள் நான்கு பேர் ஒரு தேநீர்க் கடையில் நின்றால், ஐந்தாம் நிமிடத்திற்குள் "வண்டியை எத்தனை இஞ்ச் தூக்கியிருக்கிறீர்கள்?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. எத்தனை கிலோ ஏற்றிக்கொண்டு போகிறீர்கள் என்று இதுவரை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. கரடுமுரடான பாதைக்காக உடலை உயர்த்திய, அதாவது தூக்கிய வண்டிக்கு சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்கும் ஷாக்கும்) தேர்ந்தெடுப்பதில் இந்த இரண்டாவது கேள்விதான் முதலில் வர வேண்டும் என்பது, இரண்டு முறை செலவழித்த பிறகு எனக்கு ஏற்பட்ட கருத்து.

2023 இறுதியில் வண்டி வாங்கினேன். மூன்றாம் மாதமே, நான்கு ஸ்பிரிங்குகளுக்கும் மேலே 40 மில்லிமீட்டர் ஸ்பேசர் (இடைவெளிக் கட்டை) வைத்து, ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர்களை மாற்றாமல் தூக்கிக்கொண்டேன். வாசலில் நிற்கும்போது பார்க்க அழகாகத்தான் இருந்தது. நெடுஞ்சாலையில் எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை; வளைவில் திருப்பினால் தானாக நேருக்குத் திரும்பவும் இல்லை. வேலை செய்து கொடுத்த இடத்தில் டயர் பேலன்சிங் பார்க்கச் சொன்னார்கள். இரண்டு முறை பார்த்தும் ஆட்டம் அப்படியே இருந்தது.

காரணம் டயரில் இல்லை. ஜிம்னியில் முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே ஆக்ஸில் ஹவுசிங்கில் (அச்சு ஓடும் இரும்பு உறையில்) பொருந்தியிருக்கின்றன. அந்த ஹவுசிங்கை இரண்டு நீளமான இரும்புக் கைகள் சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) பிணைக்கின்றன. சேசிஸ் மேலே போகும்போது அந்தக் கைகள் சரிந்து, ஹவுசிங்கையே சற்று முன்னோக்கிச் சுழற்றிவிடுகின்றன. அதனால் சக்கரத்தை நேராக இழுத்துப் பிடிக்கும் காஸ்டர் கோணம் குறைகிறது. சைக்கிளின் முன் ஃபோர்க் ஏன் சாய்வாக இருக்கிறது என்று யோசித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். அந்தக் கைகளின் முனையில் காஸ்டர் திருத்தும் புஷ்களைப் (ரப்பர் உருளைகளைப்) போட்ட அன்றே பாதி ஆட்டம் நின்றது. மீதிக்குப் பக்கவாட்டுக் கம்பி காரணம். ஆக்ஸிலைக் குறுக்கே பிடிக்கும் அந்தக் கம்பியின் நீளம் மாறாததால், வண்டி உயர்ந்ததும் ஆக்ஸில் சில மில்லிமீட்டர் ஒரு பக்கமாக நகர்ந்திருந்தது. நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கம்பி ஒன்றைப் போட்டு நடுவுக்குக் கொண்டுவந்தோம். இவை இரண்டும் இல்லாத லிஃப்ட் கிட் என்ன விலைக்குக் கிடைத்தாலும் அது பாதி கிட்தான் என்பேன்.

தூக்கியதால் கிடைத்தது என்ன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இத்தகைய ஆக்ஸில் உள்ள வண்டியில், எவ்வளவு உயரமான ஸ்பிரிங் போட்டாலும் டிஃபரன்ஷியல் (ஆக்ஸிலில் புடைத்து நிற்கும் பல்சக்கரப் பெட்டி) தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. உயர்வது உடலும் சேசிஸும் மட்டுமே. ஆகவே மேடேறும்போதும் இறங்கும்போதும் பம்பர் இடிக்காது, நடு வயிறு பாறையில் உட்காராது. டிஃபரன்ஷியலை உயர்த்துவது டயர் ஒன்றுதான். கம்பெனி தரும் 195/80 ஆர்15 டயரின் விட்டம் 693 மில்லிமீட்டர். 215/75 போட்டால் ஏறத்தாழ 703, அதாவது தரைக்கும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவே வெறும் ஐந்து மில்லிமீட்டர் லாபம். 235/75 வரை போனால் இருபது மில்லிமீட்டர் கிடைக்கும். அந்த டயர் உரசாமல் இருக்க இடம் வேண்டும் என்பதே லிஃப்ட் செய்ய ஓரளவு நியாயமான காரணம்.

ஸ்பேசரில் இன்னொரு குறையும் உண்டு. பழைய ஷாக்கின் நீளம் மாறாததால், சக்கரம் கீழே தொங்கக்கூடிய தூரத்தில் அந்த நாற்பது மில்லிமீட்டர் அப்படியே குறைகிறது. குறுக்குப் பள்ளத்தில் மற்ற வண்டிகளின் சக்கரம் மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்க, என்னுடையது முன்கூட்டியே அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. உயரம் கூடிய வண்டியின் பிடிமானம் குறைந்ததுதான் மிச்சம்.

இரண்டாம் முறை சஸ்பென்ஷனை மாற்றும் முன் நான் போனது லாரிகளுக்கான எடை மேடைக்கு. பயணத்திற்குப் போவது போலவே டீசல் அடுப்பைத் தவிர எல்லாவற்றையும் (அதை மனைவி அனுமதிக்கவில்லை) ஏற்றிக்கொண்டு, முதலில் முன்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி, பிறகு முழு வண்டியையும் நிறுத்தி எடை பார்த்தேன். முன்னால் 680, மொத்தம் 1,465 கிலோ வந்தது. ஜிம்னியின் வெற்று எடை ஏறத்தாழ 1,200 கிலோ. ஏற்றத்தோடு அனுமதிக்கப்பட்டது 1,545. இரும்பு பம்பர், வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பிவடச் சுருள்), கூரைக் கூடாரம் மூன்றையும் மாட்டிவிட்டு நான்கு பேர் ஏறினால் அந்த வரம்பு எளிதில் கடந்துவிடும். கனமான ஸ்பிரிங் போட்டால் பின்புறம் தொய்வது நிற்குமே தவிர, பிரேக்கும் ஆக்ஸிலும் தாங்கும் எடை கூடிவிடாது.

ஓல்டு மேன் எமு, அயர்ன்மேன் போன்ற ஆஸ்திரேலிய நிறுவனங்கள் ஒரே வண்டிக்கு எடைவாரியாகப் பல ஸ்பிரிங்குகள் வைத்திருக்கின்றன. நம்மவர்கள் பெரும்பாலும் கேட்பது அதில் கனமானதை. தண்ணீரும் எரிபொருளும் சுமந்துகொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அலைமேடான மண்சாலையில் ஓடும் வண்டிக்கு அது பொருந்தும். வாரம் முழுவதும் ஒருவர் மட்டும் அலுவலகம் போய், மாதம் ஒருமுறை கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் வண்டிக்கு அது முதுகுவலியைத்தான் தரும். நான் பின்னால் நடுத்தர எடைக்கானதையும், இரும்பு பம்பர் இல்லாததால் முன்னால் லேசானதையும் தேர்ந்தெடுத்தேன்.

ஷாக் விஷயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. தனி எண்ணெய்க் குடுவை வைத்த, விலை உயர்ந்த மோனோட்யூப் (ஒற்றைக் குழாய்) ஷாக்குகள் தொடர்ந்து மணிக்கணக்கில் குதித்து ஓடும்போது சூட்டைச் சிறப்பாக வெளியேற்றும் என்பது உண்மைதான். ஆனால் கற்கள் நிறைந்த மலைப்பாதையில் நாம் முதல் கியரில் ஊர்கிறோம். அங்கே ஷாக் கொதிப்பதைவிடக் கல் பட்டு நசுங்கும் வாய்ப்பே அதிகம். மோனோட்யூபின் வெளிச்சுவரிலேயே பிஸ்டன் ஓடுவதால் ஒரு நசுங்கலே அதை முடக்கிவிடலாம். இரட்டைக் குழாய் ஷாக்கில் உள்குழாய் தப்பித்துக்கொள்ளும். அந்த ஷாக்கே எனக்குப் போதும். புதிய ஸ்பிரிங் பழையதைவிட விறைப்பானது என்றால், அது திரும்பி விரியும் வேகத்தை அடக்கும் அளவுக்கு ஷாக் இருக்கிறதா என்பதை மட்டும் கடையில் கேட்டு வாங்குங்கள்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு அப்படியொரு கற்பாதையில் நான் ஏறிச் சென்ற ஜீப்பில் இருந்தது பழைய பட்டை ஸ்பிரிங் மட்டுமே. ஓட்டுநர் அண்ணன் ஒவ்வொரு கல்லுக்கும் சக்கரத்தை எங்கே வைப்பது என்று தெரிந்து வைத்திருந்தார்.

சட்டத்தையும் ஒதுக்கிவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு மாற்றங்களுக்கு எல்லை வகுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை இறுக்கமாகவே பொருள்கொண்டது. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வேலை தொடங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

1,645 மில்லிமீட்டர் அகலமும் 1,720 மில்லிமீட்டர் உயரமும் உள்ள வண்டி ஜிம்னி. மேலும் உயர்த்தினால் வளைவில் சாய்வு கூடத்தான் செய்யும். ஆகவே இப்போது என் வண்டி 40 மில்லிமீட்டர் உயர்வோடு நிற்கிறது. பிரேக் குழாய்களை நீளமானவையாக மாற்றிவிட்டேன், எதிரே வருபவரின் கண்ணைக் கூசாதபடி முகப்பு விளக்கையும் தாழ்த்திவிட்டேன். சக்கரம் அளவுக்கு மீறி மேலே ஏறாமல் தடுக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப் மட்டும் பாக்கி, அடுத்த வாரம் அதற்காகப் பட்டறைக்குப் போகிறேன்.