சிங்கத்துக்குக் கீழே தெரியும் மனித முகம்

'லயன் கிங்' மேடை மியூசிக்கலுக்கு, அதாவது பாட்டும் நடனமுமாக நடக்கும் நாடகத்துக்கு, டிக்கெட் போடுவதற்கு முன் வீட்டில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "கதைதான் தெரியுமே, படத்தையும் நாலு தடவை பார்த்தாச்சு, அப்புறம் எதுக்கு இவ்வளவு காசு?" நியாயமான கேள்வி. கதைக்காகத்தான் போவது என்றால் போகவே வேண்டாம். 1994-இல் வந்த டிஸ்னி கார்ட்டூன் படம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். லண்டன் லைசியம் அரங்கில் இடைவேளையோடு சேர்த்து சுமார் இரண்டரை மணி நேரம் உட்கார வேண்டும். அந்தக் கூடுதல் நேரத்தில் புதிய பாட்டுகள் வரும், நடனம் வரும், கதை மட்டும் அதே கதைதான்.

பார்க்க வேண்டியது வேறு. டிஸ்னி நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேக்குக் கொண்டுவந்த முதல் மியூசிக்கல் 1994-இன் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்'. படத்தில் இருப்பதை அப்படியே மேடையில் காட்டுவதுதான் அதன் வழி. படத்தில் டீ பாட் பேசினால், மேடையில் நடிகை டீ பாட் மாதிரியே உடுத்திக்கொண்டு வருவார். நன்றாக ஓடியது, மறுக்கவில்லை. ஆனால் சிங்கக் கதையை அந்த வழியில் எடுத்திருந்தால் பஞ்சடைத்த உறைக்குள் வியர்த்துக்கொண்டு நடக்கும் ஆட்களைத்தான் பார்த்திருப்போம். தீம் பார்க் வாசலில் அது இலவசமாகவே கிடைக்கிறது.

இயக்குநர் ஜூலி டேமர் அந்தப் பக்கமே போகவில்லை. இளம் வயதில் இந்தோனேசியாவில் சில ஆண்டுகள் தங்கி, அங்கே ஒரு நாடகக் குழுவையும் நடத்தியவர். முகமூடியும் நிழல் பொம்மையும் பழகிய கை. 1997 ஜூலையில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் முதல் மேடையேற்றம், நவம்பரில் பிராட்வே. அடுத்த ஆண்டு, பிராட்வே நாடகங்களுக்குத் தரும் டோனி விருதுகள் ஆறு. மியூசிக்கல் இயக்கத்துக்கான டோனியை ஒரு பெண் வாங்கியது அதுதான் முதல் முறை. அவர் எடுத்த முடிவு ஒன்றுதான்: நடிகரை மறைக்கக் கூடாது. மிருகமும் தெரிய வேண்டும், அதை ஆட்டுகிற ஆளும் தெரிய வேண்டும். நம் ஊர் பொய்க்கால் குதிரை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இடுப்பில் கட்டிய குதிரையும் நிஜம், அதற்கு மேலே ஆடுகிற ராஜாவும் நிஜம்.

சிங்க அரசர் முஃபாசாவின் முகமூடியை எடுத்துக்கொள்ளுங்கள். அது முகத்தில் இல்லை, தலைக்கு மேலே இருக்கிறது. நடிகர் நிமிர்ந்து நிற்கும்போது அவர் முகம் முழுக்கத் தெரியும்: அப்பா பேசுகிறார், அரசர் பேசுகிறார். கோபம் வந்து முன்னால் குனிந்தால் முகமூடி இறங்கி முகத்துக்கு நேராக வந்து நிற்கும். அந்த நொடியில் சிங்கம். அவருடைய வில்லத் தம்பி ஸ்காருக்கும் இதே பொறிதான். நடிகர் அதைக் கையிலிருந்தே இயக்குகிறார். பார்த்தால் மரத்தில் செதுக்கியது போலக் கனமாகத் தெரியும். உண்மையில் சிலிக்கோன் ரப்பரின் மேல் கார்பன் கிராஃபைட். முஃபாசாவுடையது சுமார் 310 கிராம், ஸ்காருடையது 255 கிராம், அரசி சராபியுடையது 115 கிராம்கூட வராது. கனமாக இருந்தால் கழுத்து பாட விடாது. சிறுத்தையைப் பாருங்கள்: பொம்மையின் தலை நடிகையின் தலையோடு இணைந்திருக்கிறது, அவர் திரும்பினால் அது திரும்பும். முன்னங்கால்கள் அவர் கையில். இந்த முகமூடிகளையும் பொம்மைகளையும் டேமரோடு சேர்ந்து வடிவமைத்தவர் மைக்கேல் கரி.

2019-இல் இதே கதையை நிஜ மிருகம் போலவே கணினியில் செய்து படமாக விட்டார்களே, அதோடு ஒப்பிட்டால் டேமர் செய்தது எவ்வளவு சரி என்று புரியும். நிஜச் சிங்கத்தின் முகம் அழாது. அப்பா செத்துக் கிடக்கும்போதும் குட்டியின் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை. மேடையில் பெண் சிங்கங்கள் அழும்போது கண்ணிலிருந்து நீளமான வெள்ளைத் துணி நாடாவை இழுப்பார்கள். வெறும் துணி! அரங்கே மூச்சடங்கிப் போகும். பஞ்சம் வருவதைக் காட்டுவதும் துணிதான். தரையில் வட்டமாக விரித்த நீலப் பட்டு ஒரு ஓட்டைக்குள் மெல்ல மெல்ல இழுபட்டுக் காணாமல் போகும், குளம் வற்றிவிட்டது. எத்தனை கோடி போட்டு எல்ஈடி திரை வைத்தாலும் இது வராது. பிறகு வந்த பல மியூசிக்கல்கள் திரையை நம்பிக் கெட்டன என்பது என் அபிப்பிராயம்.

மாடுகள் மிரண்டு ஓடிவரும் காட்சியைத் தவறவிடாதீர்கள். வில்டபீஸ்ட் என்ற, மாடு போலத் தெரியும் ஆப்பிரிக்க மான் கூட்டம் பள்ளத்தாக்கில் பாய்ந்து வர வேண்டும், இருப்பதோ சில அடி ஆழ மேடை. தூரத்தில் உருளையில் சுற்றிய திரையில் புள்ளி புள்ளியாக மாடுகள் இறங்குகின்றன. அதற்கு முன்னால் சுழலும் உருளைகளில் இன்னும் பெரிய மாடுகள். கடைசியில் முகமூடி பிடித்த நடனக்காரர்கள் நம் மூக்குக்கு நேராக. சிறியது, பெரியது, ஆள் அளவு. தூரத்தை அளவு வித்தியாசத்தாலேயே உண்டாக்குகிறார்கள். பழைய மேடைத் தந்திரம்தான். ஒரு வரிசை தாளம் தப்பினாலும் உருளை உருளையாகத்தான் தெரியும்.

சரி, எங்கே உட்காருவது? இங்கேதான் பலர் காசை வீணாக்குகிறார்கள். தொடக்கப் பாட்டில் மிருகங்கள் பார்வையாளர் நடுவே நடைபாதை வழியாக வருகின்றன. யானை மட்டும் 13 அடி நீளம், 9 அடி அகலம், தூக்க நான்கு பேர். அது தோளை உரசிப் போக வேண்டுமென்றால் ஸ்டால்ஸில், அதாவது கீழ்த்தளத்தில், நடைபாதை ஓர இருக்கை. ஆனால் முதல் சில வரிசைகள் வேண்டாம். கழுத்து வலிக்கும், தரையில் நடக்கும் வேலை தெரியாது, அந்த நீலப் பட்டுக் குளம் உட்பட. ஸ்டால்ஸின் கடைசி வரிசைகளும் வேண்டாம், மேல் மாடியின் அடிப்பகுதி மேடையின் உச்சியை வெட்டும். சூரியன் எழுவதும் 14 அடி ஒட்டகச்சிவிங்கிகளும் அரைகுறையாகும். அதற்கு மேல் மாடியான ராயல் சர்க்கிளின் நடு முன்வரிசைகள் என்றால் மாட்டுக் கூட்டமும் நடன வடிவமும் முழுசாகத் தெரியும், ஆனால் காலுக்குக் கீழே போகும் ஊர்வலத்தில் பாதி தெரியாது. ஒரே ஒரு முறைதான் போவீர்கள் என்றால் என் ஓட்டு ஸ்டால்ஸ் நடுப்பகுதி ஓர இருக்கைக்கு.

தாமதமாகப் போகவே கூடாது. மற்ற நாடகங்களில் முதல் பத்து நிமிடம் போனால் பரவாயில்லை. இதில் சிறந்ததே முதல் பத்து நிமிடம்தான். குரங்குப் பூசாரி ரஃபிக்கி தென்னாப்பிரிக்காவின் ஜூலு மொழியில் குரல் எடுப்பதும் அரங்கின் இன்னொரு மூலையிலிருந்து பதில் வருவதும் ஆரம்பத்தில்தான். படத்தில் ஆணாக இருந்த ரஃபிக்கி மேடையில் பெண். கதையில் பெண்களுக்கு வலுவான இடமே இல்லையே என்று டேமர் செய்த மாற்றம், நல்ல மாற்றம். இசையமைப்பாளர் லெபோ எம் சேர்த்த தென்னாப்பிரிக்கக் கூட்டுப் பாடல்களும் எல்டன் ஜான் பாட்டுகளைவிட எனக்கு ஒரு படி மேல். தாள வாத்தியக்காரர்கள் மேடையின் இரு பக்கமும் மாடத்தில் உட்கார்ந்திருப்பார்கள், ஓரக்கண்ணால் பாருங்கள்.

குறை இல்லாமல் இல்லை. சிரிப்பு ஜோடியான கீரி டிமோனும் காட்டுப்பன்றி பும்பாவும் படத்துப் பொம்மைகளாகவே வருகிறார்கள், அவர்கள் வந்ததும் டேமரின் உலகம் கொஞ்சம் கலைகிறது. பும்பாவின் உடை 20 கிலோ. அந்த நடிகரின் முதுகுக்காகவாவது கைதட்டலாம். இடைவேளைக்குப் பின் ஸ்காரின் புலம்பல் பாட்டு இழுவை. செத்துப்போன முஃபாசாவின் முகம் துண்டு துண்டாகக் கம்புகளில் வந்து இருட்டில் ஒன்றுசேரும் வரை கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

குழந்தைகள்: மூன்று வயதுக்குக் கீழே லைசியத்தில் அனுமதி இல்லை, ஆறு வயதுக்கு மேல் என்பது அவர்களே சொல்லும் ஆலோசனை. அதைக் கேளுங்கள். யானைக் கல்லறைக் காட்சியில் புகையும் இருட்டும் சத்தமும் சேர்ந்து வரும், கழுதைப்புலிகள் நிஜமாகவே பயமுறுத்தும். உள்ளே போகும் முன் "அந்த மாமா தலைக்கு மேலதான் சிங்க முகம் வெச்சிருப்பார், குனிஞ்சா கீழ இறங்கும்" என்று பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். ரகசியம் தெரிந்த பிள்ளை பயப்படாது, முகமூடி எப்போது இறங்கும் என்று காத்திருக்கும்.

ஊர் ஊராகப் போகும் குழு உங்கள் நகரத்துக்கு வந்தால் அங்கேயே பார்க்கலாம், லண்டன் வரை செலவழிக்கத் தேவையில்லை. லண்டனில் பிரைடு ராக், அதாவது சிங்க அரசரின் பாறை, மேடைத் தரையிலிருந்து சுழன்று எழும். சுற்றுப்பயணத்தில் அதை உருட்டிக்கொண்டுதான் வருவார்கள். முகமூடி அதே முகமூடி, நீலப் பட்டும் அதே பட்டு.